சுங்கிங் செய்தியும் நியூயார்க் அச்சும்

1943இல் சீனத்து ஹொனான் மாகாணப் பஞ்சம் பற்றிச் செய்தியாளர் தியடோர் ஒயிட் எழுதியதை அமெரிக்க 'டைம்' இதழ் வெளியிட்டது. சினங்கொண்ட சியாங் கை சேக்கின் துணைவியார் அவரை நீக்குமாறு கோரினார். இதழதிபர் ஹென்றி லூஸ் இணங்கவில்லை. மெச்சத்தக்க துணிவே அது. ஆயின், பஞ்சச் செய்தியைப் பொறுத்தவர் அரசியற் செய்தியைப் பொறுத்தாரில்லை.

1944இல் அமெரிக்கப் படைத்தலைவர் ஸ்டில்வெல் சீனத்திலிருந்து திரும்ப அழைக்கப்பட்டபோது, சியாங் ஆட்சியின் சீர்கேட்டைச் சுங்கிங்கிலிருந்து ஒயிட் விரித்தெழுதினார். நியூயார்க்கில் அயல்நாட்டுப் பகுதி ஆசிரியர் விட்டேக்கர் சேம்பர்ஸ் அதனை மாற்றியெழுதினார். அச்சில் சியாங், பொதுவுடைமையைத் தடுக்கும் அரணாக நின்றார். லூஸ், சீனத்தில் பிறந்த சமயப்பணியாளர் மகன், சியாங்கோ கிறித்தவர். அமெரிக்க வாசகர் காண விரும்பிய சீனமும் அதுவே.

1949இல் சியாங் தைவானுக்கு ஒதுங்கியதும், 'சீனத்தை இழந்தவர் யார்?' என்று அமெரிக்கர் வினவினர். இழப்பதற்கு அஃது அவர்தம் உடைமையா என்ன! உண்மை நிலையை முன்பே எழுதியனுப்பிய தூதரக அலுவலர் ஜான் சர்வீஸ் 1951இல் பணிநீக்கம் செய்யப்பட்டார்.