பொல்சன் வெண்ணெயும் ஆனந்தின் பாலும்

ஊவாப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியையும் தேயிலையையும் ஆராய்ந்த அளவிற்குப் பாலை ஆராய்ந்தாரல்லர். கோப்பிக் காலத்திலேயே தோட்டங்களில் மாடுகள் வளர்க்கப்பட்டன. அன்று துரைமார் வேண்டியது பெரிதும் எருவையே. 1869 இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை பெற்றது. ஆயினும் மாடு தோட்டத்தை விட்டு நீங்கிற்றில்லை. பசறைக்கும் பிபிலைக்கும் இடையே, மலை சரிந்து கீழ்நாட்டை நோக்கி இறங்கும் பாதையில் அமைந்த லுணுகலையைச் சூழ்ந்த தோட்டங்களிலே, லயங்களுக்குச் சற்று அப்பால் தகரக் கூரையிட்ட மாட்டுப்பட்டிகளை இன்றுங் காணலாம். கொழுந்து நிறுத்துக் கொடுத்த பின்னர் ஒரு கட்டுப் புல்லைத் தலையிற் சுமந்து வீடு திரும்பும் பெண்ணின் உழைப்பு எந்தச் செக்றோலிலும் பதியப்படுவதில்லை. அவ்வுழைப்பின் பயனாகிய பாலுக்கு விலை வைப்பவர் யார் என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

அவ்வினாவுக்கு விடை தேடுவோர் குஜராத்திலுள்ள ஆனந்த் என்னும் சிற்றூரின் வரலாற்றை அறிதல் பயனுடைத்து. அவ்வூரைப் பற்றிப் பேசுவோர் அனைவரும் அமுல் கூட்டுறவையே பேசுவர். அமுலுக்கு முன்னர் அங்கே வேரூன்றியிருந்த பொல்சன் என்னும் குடும்பக் கம்பனியைப் பலர் மறந்தனர். நினைப்போரும் அதனை ஒரு கொடியவனாகவே நினைக்கின்றனர். இது முற்றிலும் நேரிய பார்வையன்று என்பது என் கருத்து.

பம்பாயிலே வாழ்ந்த பார்சி இனத்தவரான பெஸ்தோன்ஜி எதுல்ஜி தலால் 1888 இல், பதின்பருவத்தைத் தாண்டாத வயதிலேயே, கோப்பிக்கொட்டையை வறுத்து அரைத்து விற்குஞ் சிறு கடையொன்றைத் தொடங்கினார். நோயினாற் கோப்பியை இழந்து ஊவாவின் மலைகள் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில், கடலுக்கு அப்பால் ஒருவர் கோப்பியினாற் செல்வம் ஈட்டத் தொடங்கினார் என்பது வரலாற்றின் ஒரு விந்தை. நண்பர்கள் அவரைச் செல்லமாகப் 'பொலி' என அழைத்தனர். வாங்குவோருள் ஆங்கிலேயர் மிகுந்திருந்தமையால், அப்பெயரோடு 'சன்' என்னும் ஈற்றைச் சேர்த்துப் 'பொல்சன்' என ஆங்கில ஒலியுடைய வணிகப் பெயரொன்றை அவர் ஆக்கிக்கொண்டார். தன் பெயரை மறைத்தாலன்றித் தன் பொருள் விலைபோகாது என ஒரு சுதேசி வணிகர் கருத நேர்ந்தமை அக்கால ஆட்சியின் இயல்பைக் காட்டுவதாகும்.

கோப்பியிலிருந்து வெண்ணெய்க்கு அவரை இட்டுச் சென்றது படையினரின் தேவை. முதலாம் உலகப் போர்க் காலத்திற் படையினருக்கு வெண்ணெய் வழங்கும் வாய்ப்பு வளர்ந்தது. 1915 அளவிற் பொல்சன் என்னும் குறி பால்சார் பொருள்களிலும் நிலைபெற்றது. கேடா மாவட்டத்தின் சாரோத்தர் நிலப்பகுதி புகையிலைக்கும் எருமைக்கும் பேர்போனது. எருமைப்பாலிற் கொழுப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு. பசுப்பாலில் நான்கு பங்கு அளவே. வெண்ணெய் எடுப்பவருக்கு இவ்வேறுபாடு பெரிது. 1930 இல் ஆனந்திலே பொல்சன் நவீன பாற்பண்ணைத் தொழிற்சாலையை நிறுவியமைக்கு இதுவும் புகையிரதப் பாதையும் காரணங்களாம்.

அவ்வெண்ணெயின் இயல்பு பற்றிச் சிறிது கூறவேண்டும். திரட்டிய பாலாடை சில நாள் வைக்கப்பட்டுப் புளித்த பின்னரே கடையப்பட்டது. உப்பும் தாராளமாகச் சேர்க்கப்பட்டது. இதனாற் காரமான ஒரு மணமும் சுவையும் அதற்கு உண்டாயின. பம்பாய் மக்களின் நாக்கு அச்சுவைக்கே பழகிப்போயிற்று. பின்னாளிற் புத்தம் புதிய பாலாடையிலிருந்து கூட்டுறவு எடுத்த வெண்ணெயை அவர்கள் சப்பென்று ஒதுக்கினர்! தரத்தில் உயர்ந்தோம் எனப் பெருமிதங் கொண்டிருந்த அமுல், உப்பைச் சேர்த்துப் பொல்சனின் சுவையை நோக்கி இறங்கிவர வேண்டியதாயிற்று. பம்பாய்ப் பேச்சுவழக்கிலே முகத்துதி செய்வதைப் 'பொல்சன் பூசுதல்' எனக் கூறுவர். ஒரு கம்பனியின் பெயர் மக்கள் மொழியில் வினையாகவே மாறுமளவிற்கு அதன் செல்வாக்கு இருந்தது.

இனி, பிணக்கின் மூலத்திற்கு வருவோம். 1945 இற் பம்பாய் அரசு நகரத்திற்குத் தூய பால் வழங்கும் திட்டமொன்றை வகுத்தது. ஆனந்திலிருந்து பம்பாய் நானூறு கிலோமீற்றருக்கு மேல். அத்துணைத் தொலைவுக்குப் பாலைக் கெடாது அனுப்பவேண்டின், அதனைச் சூடாக்கிக் கிருமி நீக்கிக் குளிரூட்ட வேண்டும். அதற்கேற்ற பொறிகள் பொல்சனிடம் இருந்தன. அரசு பொல்சனோடு ஒப்பந்தஞ் செய்து, அப்பகுதியிற் பால் வாங்கும் தனியுரிமையையும் வழங்கிற்று. பம்பாய் மக்களுக்கு நல்ல பால் கிடைத்தது. அரசுக்கும் கம்பனிக்கும் நன்மை விளைந்தது. எருமையை வளர்த்தவனுக்கு மட்டும் ஏதும் உயரவில்லை. கம்பனி ஒப்பந்தகாரர் மூலம் வாங்கிற்று; ஒப்பந்தகாரர் தாம் வைத்ததே விலையென்றனர். பால் மாலைக்குட் புளித்துவிடும் பொருளாதலின், விலை போதாதென்று வீட்டில் வைத்திருக்க உழவனால் இயலாது. நெல்லுக்கும் புகையிலைக்கும் இல்லாத இவ்வலுவின்மை பாலுக்கு உண்டு. கொழுந்துக்கும் உண்டு என்பதை நம்மவர் அறிவர்.

உழவர் சர்தார் வல்லபாய் பட்டேலை அணுகினர். பொல்சனை விலக்கித் தமக்கெனக் கூட்டுறவு அமைக்குமாறும், அரசு இணங்காவிடின் பால் கொடுப்பதை நிறுத்துமாறும் அவர் அறிவுறுத்தினார். அவர் அனுப்பிய மொறார்ஜி தேசாயின் தலைமையில் 1946 சனவரி 4 ஆம் நாள் சமர்கா என்னும் கிராமத்திற் கூட்டம் நடைபெற்றது. ஊர்தோறும் சங்கம் அமைப்பதென்றும் அவற்றின் மேல் ஓர் ஒன்றியம் அமைப்பதென்றும் தீர்மானமாயிற்று. அரசு மறுத்தது. பதினைந்து நாட்கள் ஒரு துளிப் பாலும் ஒப்பந்தகாரருக்கு விற்கப்படவில்லை. பம்பாயின் பால் திட்டம் நிலைகுலைய, அரசு இணங்கிற்று. திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் உருவாகிய கேடா மாவட்ட ஒன்றியம் 1946 திசெம்பர் 14 இற் பதிவு செய்யப்பட்டது. தொடக்கத்தில் இரண்டே ஊர்ச் சங்கங்கள். நாளொன்றுக்குச் சுமார் 250 லீற்றர் பால்.

1949 மே மாதத்தில் ஆனந்தின் அரசாங்கப் பாலாடைக் கூடத்திற்குப் பணிக்கு வந்த வர்கீஸ் குரியன் கோழிக்கோட்டிற் பிறந்து, சென்னை லொயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர். அரசின் புலமைப்பரிசிலுக்குக் கைம்மாறாகவே வேண்டா வெறுப்பாய் அங்கு வந்த அவர், கூட்டுறவின் பழுதுபட்ட பொறிகளைச் சீர்செய்யப் போய் அங்கேயே தங்கிவிட்டார். மாரிக்காலத்தில் எருமைகள் மிகுதியாகக் கறந்தன. அம்மிகுதியைப் பம்பாய் ஏற்கவில்லை. பொல்சனாயின் அதனை வெண்ணெயாக்கி இலாபம் கண்டிருக்கும். கூட்டுறவும் அவ்வழியே செல்லவேண்டியிருந்தது. எருமைப்பாலை மாவாக்க இயலாது என மேலைநாட்டு வல்லுநர் கூறியிருந்தும், தலாயா என்னும் பொறியியலாளர் அதனைச் செய்து காட்டினார். 1955 ஒக்ரோபர் 31 இல் நேரு புதிய தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். 1966 இல் உருவான அமுல் சிறுமியின் விளம்பரம் பொல்சனின் சந்தையை மேலும் பறித்தது. பொல்சன் நாளடைவிற் பால்துறையை விட்டகன்றது. அக்கம்பனியின் பெயர் பிற்காலத்தில் தோல் பதனிடும் பொருள் உற்பத்தியில் எஞ்சிற்று.

எனினும் பொல்சனுக்கு உரியதைப் பொல்சனுக்குக் கொடுத்தல் வேண்டும். ஆனந்தின் உழவன் பாலை நாள்தோறும் சந்தைக்குக் கொடுக்கும் பழக்கத்தையும், பம்பாய் வீட்டார் பொதியில் வந்த வெண்ணெயை நம்பும் பழக்கத்தையும் உண்டாக்கியதிற் பெரும்பங்கு அக்கம்பனிக்கு உண்டு. கூட்டுறவு வெற்றுநிலத்தில் எழுந்ததன்று. பொல்சன் உழுத வயலிலேயே அது விதைத்தது. பொல்சனின் தவறு இலாபம் ஈட்டியமையன்று. அரசு தந்த தனியுரிமையின் நிழலில், தன் பாலின் மூலத்தை மறந்தமையே.

ஆனந்தின் வழியை ஊவாவிலும் பின்பற்றலாமே எனச் சிலர் எளிதாகக் கூறுவர். அவர்கள் ஒன்றை நோக்குவதில்லை. கேடாவின் பட்டிதார் உழவன் தன் நிலத்தில் நின்று பதினைந்து நாட்கள் பாலை மறுத்தான். 1918 இலேயே வரி கொடாப் போராட்டத்தைக் காந்தியடிகளோடு நடத்திய அனுபவமும் அவனுக்கு இருந்தது. அங்கும் எருமையில்லாத நிலமற்ற கூலியாள் கூட்டுறவுக்குப் புறத்தேதான் நின்றான் என்பதையும் மறைத்தல் கூடாது. லுணுகலைத் தோட்டத் தொழிலாளியோ மாட்டை உடையவன். மாடு நிற்கும் மண்ணும் மேயும் புல்லும் அவனுடையன அல்ல. கேடாவின் ஒன்றியம் இரண்டு வயதை எட்டுமுன்னரே, 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. ஆனந்தின் உழவனுக்குப் பேச ஒரு பட்டேல் இருந்தார். இவர்களுக்கு வாக்குச்சீட்டே இல்லை.

இலங்கையில் 1950 களில் நிறுவப்பட்ட தேசிய பாற்சபை சேகரிப்பு நிலையங்களை அமைத்தது. அரசே வாங்குவோனாக நின்றமையாற் பொல்சன் போன்ற குடும்பக் கம்பனி மேலோங்க இடமில்லாதிருந்தது. உற்பத்தியாளர் தாமே விலை வைக்கும் ஒன்றியமும் எழவில்லை. 1977 இன் திறந்த பொருளாதாரத்தின் பின்னர் இறக்குமதிப் பால்மா கடைகளை நிறைத்தது. பாற்சபை 1980 களில் மில்கோ என்னும் கம்பனியாயிற்று. 1972 இலும் 1975 இலும் அரசுடைமையான தோட்டங்களின் முகாமை 1992 இல் தனியார் கம்பனிகளிடம் சென்றது; பட்டி நின்ற மண் கைமாறிய ஒவ்வொரு முறையும் மாட்டின் உடையவனைக் கேட்டாரில்லை.

2021 இலும் 2022 இலும் அந்நியச் செலாவணி வற்றியபோது பால்மாப் பொதி கடைகளில் அருகிற்று. கிடைத்த இடத்திலும் அதன் விலை தொழிலாளியின் ஒரு நாட் சம்பளத்தைப் பதம் பார்த்தது. தேயிலையை உலகுக்கு வழங்கும் மலைகளிலே வெறுந்தேநீர் குடிப்பது புதுமையன்று. ஆனால் அம்மாதங்களில் நகரத்தாரும் அதனையே குடித்தனர். தோட்டங்களிற் கறவைமாடு வைத்திருந்த வீட்டார் மட்டும் விடியலிற் கறந்த பாலை அளந்து கொடுத்தபின், போத்தலின் அடியில் எஞ்சியதைத் தம் பிள்ளைகளின் தேநீரில் ஊற்றினர்.