பாலஸ்டியரின் கரும்புத் தோட்டம்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் பாலஸ்டியர் சாலை, அப்பகுதியில் கரும்பு பயிரிட்ட ஜோசப் பாலஸ்டியரின் (1788–1858) பெயரைத் தாங்கியது. அவர் அமெரிக்கர், சிங்கப்பூருக்கான அந்நாட்டின் முதல் வணிகத் தூதர்.

1815ஆம் ஆண்டு பிரிட்டனும் அமெரிக்காவும் செய்த உடன்படிக்கைப்படி, இந்தியாவிலும் கிழக்கிலும் இருந்த பிரிட்டிஷ் துறைமுகங்களில் கல்கத்தா, சென்னை, பம்பாய், பினாங்கு ஆகிய நான்கில் மட்டுமே அமெரிக்கக் கப்பல்கள் வணிகம் செய்யலாம். சிங்கப்பூர் அவற்றில் இல்லாததால் 1833இல் ரியாவ் தீவுக்கே தூதராக நியமிக்கப்பட்ட பாலஸ்டியர், மறுஆண்டு வந்து சிங்கப்பூரில் குடியிருந்தார். பதவிக்குச் சம்பளம் இல்லை. கட்டண வருவாயும் சொந்தத் தொழிலுமே பிழைப்பு.

அன்றைய நகரம் கடலோரத்தோடு நின்றது. உட்பகுதி காடு, அதனுள் ஊடுருவியிருந்தவர்கள் கேம்பியரும் மிளகும் பயிரிட்ட சீனர்கள். புலிப்பயம் இருந்தது. சாலைகளை அமைத்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். இந்த எல்லைப் பகுதியில்தான் பாலஸ்டியர் சுமார் 1,000 ஏக்கரில் தோட்டம் அமைத்தார். 1836இல் தொடங்கிய வேளாண்மை, தோட்டக்கலைச் சங்கத்திலும் முன்னின்றார். நீரிணைக் குடியேற்றங்களின் வேளாண்மை பற்றி அவர் எழுதிய விரிவான கட்டுரை 1848இல் லோகன் என்பவர் நடத்திய ஆய்விதழில் வெளியானது.

கரும்பு விளைந்தும் ஆதாயம் இல்லை. சிங்கப்பூர் வரியில்லாத் துறைமுகம். பிறநாட்டுச் சர்க்கரையும் அங்கே வந்து இறங்கும். ஆகவே உள்ளூர்ச் சர்க்கரைக்கும் பிரிட்டன் வரிச்சலுகை தரவில்லை. கடன் பெருகியது. 1844இல் மகனும் 1847இல் மனைவி மரியாவும் இறந்தனர்; 1848இல் தோட்டம் கைமாறியது. பின்னர் அமெரிக்க அரசின் சிறப்புத் தூதராகக் கொச்சின்சீனா, சயாம், புருணை சென்று, 1850இல் புருணையுடன் ஒப்பந்தம் செய்தார். 1852இல் சிங்கப்பூரை விட்டு வெளியேறினார்.

ஆங்கிலேயர் பலர் நட்ட சாதிக்காய்த் தோட்டங்களும் 1850களில் நோயால் அழிந்தன. பெருந்தோட்டப் பயிர்களில் சிங்கப்பூருக்கு நிலையான பலன் தந்தது, பிற்காலத்தில் பூமலை எனப்படும் தாவரவியல் தோட்டத்தில் வளர்த்துப் பரப்பப்பட்ட ரப்பரே.

மரியா 1843இல் புனித ஆண்ட்ரூ தேவாலயத்துக்கு அளித்த மணி, அவருடைய தந்தை பால் ரெவரின் குடும்ப வார்ப்படச் சாலையில் வார்க்கப்பட்டது. அது இன்று தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. தோட்டத்தின் சீனத் தொழிலாளர் 1847இல் எழுப்பிய துவா பெக் கோங் கோயில் பாலஸ்டியர் சாலையில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது.