குழாய் வறண்ட நாளில் முதல் கோப்பைத் தண்ணீர் கைகளுக்கு

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஹெவ்லொக் டவுன், வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் வசிப்போருக்கு மின்வெட்டு என்பது தண்ணீர்வெட்டும்தான். கீழ்த்தாங்கியில் நீர் இருந்தாலும், அதைக் கூரைத் தாங்கிக்கு ஏற்ற மோட்டார் ஓட வேண்டும். ஜெனரேட்டருக்கான டீசலும் அன்று தட்டுப்பாடு. வெள்ளம், வரட்சி, குழாய் உடைப்பு என எந்தக் காரணத்தாலும் இந்நிலை திரும்பலாம்.

எவ்வளவு தேவை?

அனர்த்த நிவாரணப் பணிகளுக்கான ‘ஸ்பியர்’ சர்வதேச நியமங்கள், குடிக்க, சமைக்க, கழுவ என ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் என்கின்றன. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 60 லீற்றர். குடிநீரையும் கழுவும் நீரையும் வேறு வேறு பாத்திரங்களில் வையுங்கள்.

முதலில் கைகள்

குளிக்காமல் இரண்டு நாள் இருந்தால் உடல் நாறும், நோய் வராது. கை கழுவாமல் ஒருவேளை சாப்பிட்டால் வயிற்றோட்டம் வரலாம். மலசலகூடம் போய்வந்த பின்பும், சமைக்கவும் சாப்பிடவும் முன்பும், குழந்தையைக் கழுவிய பின்பும் கை கழுவுவதை நிறுத்த வேண்டாம். பிளாஸ்டிக் போத்தல் மூடியில் ஊசியால் சில துளைகள் இட்டால் நீர் மெல்லியதாக வழியும். கையை நனைத்து, நீரை நிறுத்தி, சவர்க்காரம் போட்டு 20 வினாடி தேய்த்த பிறகு கழுவுங்கள். கைச்சுத்திகரிப்புத் திரவத்தில் அற்ககோல் 60 வீதமாவது இருக்க வேண்டும். அழுக்குப் படிந்த கையில் அது சரியாக வேலை செய்யாது.

உடல்

இரண்டு லீற்றர் நீரும் ஒரு துணியும் போதும். முகம், கழுத்து, அக்குள், பாதம், கடைசியாக அந்தரங்கப் பகுதி என்ற வரிசையில் துடைக்கலாம். கால்விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடையுங்கள். இல்லாவிட்டால் சேற்றுப்புண் வரும். பல் துலக்கக் கால் கோப்பை கொதித்தாறிய நீர் போதும்.

மாதவிடாய் நாட்கள்

அந்த நெருக்கடியில் ஆரோக்கியத் துவாயின் விலையும் பலருக்கு எட்டாமல் போனது. துணி பாவிப்பவர்கள் சவர்க்காரமிட்டுக் கழுவி நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். கூச்சத்துக்காக மறைவில், ஈரத்தோடு காயவிடுவது தொற்றுக்கு வழி. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவுங்கள். பாவித்த துவாயைக் கொமட்டில் போடாதீர்கள்.

மலசலகூடம்

உடல், உடை கழுவிய நீரை வாளியில் சேர்த்து, ஒரே வீச்சில் கொமட்டில் ஊற்றுங்கள். கடல்நீரும் இதற்கு உதவும். வெள்ளவத்தைக் கால்வாய் நீரையோ வெள்ளநீரையோ எடுக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி சிறு காயம் வழியாகவும் உடலுக்குள் புகும்.

மேல்மாடி முதியவர்கள்

மின்சாரம் இல்லையென்றால் மின்தூக்கியும் இல்லை. தனியே வாழும் முதியவர்கள் வாளி சுமக்க முடியாமல், மலசலகூடம் போவதைத் தவிர்க்கவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதுண்டு. ஒரு கான் நீரை அவர்கள் கதவடியில் வைப்பது பேருதவி.

மூடி மறக்க வேண்டாம்

சேமித்த நீர் டெங்கு நுளம்புக்கும் இடம் தரும். 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். எல்லாப் பாத்திரங்களையும் இறுக மூடுங்கள். வாரம் ஒருமுறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். நுளம்பு முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். குழாயில் தண்ணீர் வந்ததும் பல்கனியில் மறந்துபோன வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.