குழவியர் துயிலிடை நீர்கழிதல்: மருத்துவ வரலாற்றில் ஒரு நோக்கு

குழந்தைகள் உறக்கத்தில் தம்மையறியாது சிறுநீர் கழித்தல் எந்நாட்டிற்கும் எக்காலத்திற்கும் பொதுவாயதொன்று. ஆயின், அதனைப் பெரியோர் நோயெனக் கொண்டனரா, குற்றமெனக் கொண்டனரா என்பது காலந்தோறும் வேறுபட்டு வந்துள்ளது. குழந்தை பெற்றது பரிவா, பிரம்படியா என்பதனை அவ்வேறுபாடே முடிவு செய்தது. ஆதலின், அதன் வரலாறு ஈண்டுச் சுருக்கமாக ஆராயப்பெறுகின்றது.

கி.மு. 1550 அளவில் எகிப்து நாட்டில் எழுதப்பெற்ற ஏபர்சு பாப்பிரசு ஏட்டிலேயே இக்குறைக்குரிய மருந்து இடம்பெற்றுள்ளது என்பர். ஆங்கிலத்தில் எழுந்த முதற் குழவி மருத்துவ நூலெனப் போற்றப்பெறுவது, தாமசு பேயர் 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயற்றிய நூல். அதில் இதற்கெனத் தனிப்பகுதி ஒன்று உண்டு. சேவலின் மூச்சுக்குழலைப் பொடித்துக் கொடுத்தல் போன்ற அவர்தம் மருந்துகள் இன்று நகைப்பிற்கிடமாகலாம். எனினும், நீரை அடக்கும் ஆற்றலின் தளர்ச்சியே காரணம் என்றும், முதியோரும் இதனால் வருந்துவர் என்றும் அவர் கருதினார். மருந்து பிழைபடினும் நோக்கு பிழைபடவில்லை என்க. குழந்தையின்மீது அவர் பழி சுமத்தவில்லை.

பிற்காலத்தே இந்நோக்கு எங்கும் நிலைபெறவில்லை. எழுத்தாளர் சார்சு ஆர்வெல் 1911-இல், தம் 8-ஆம் வயதில், உறைவிடப் பள்ளியொன்றில் இதன்பொருட்டு அடிபட்டார். விரும்பாமலும் அறியாமலும் ஒருவன் பாவம் செய்தல் கூடும் என்னும் அச்சம் அன்று தம் உள்ளத்திற் பதிந்ததை அவர் ஒரு கட்டுரையில் வரைந்துள்ளார். அஃது அவர் மறைவிற்குப் பின்னர் 1952-இல் வெளிவந்தது. அடி மறைந்தது, அச்சம் மறையவில்லை.

இந்நிகழ்ச்சிக்கு முன்னரே, 1904-இல், ஆசுத்திரிய மருத்துவர் பவுண்ட்லர் ஒரு கருவியை அறிவித்திருந்தார். படுக்கை நனைந்தவுடன் மணியொலித்துச் செவிலியரை அழைப்பதே அதன் நோக்கம். ஆயின், அதனைப் பயன்படுத்திய குழந்தைகள் சிலர் நாளடைவில் படுக்கையை நனையாதிருக்கக் கண்டனர். செவிலியர் வசதிக்கெனச் செய்யப்பெற்றது குழந்தைக்கு மருந்தாயிற்று. அமெரிக்க உளநூலார் மவுரர் இணையர் இம்முறையை 30 குழந்தைகளிடம் கையாண்டு 1938-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். நீர் பட்டதும் மின்சுற்று நிறைவுற, மணி குழந்தையை எழுப்பும். பலநாட் பழக்கத்தால், நீர்ப்பை நிறைந்த உணர்வே மணியின் பணியைச் செய்யத் தொடங்கும். திருத்தியது ஒறுப்பன்று, பயிற்சியே என்பது இதனாற் போதரும்.

பகற்பொழுதில் ஆடை நனைதலும் இத்தகையதே. 1962-இல் பிரேசல்டன் 1,170 குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், பகலடக்கம் சராசரியாக 28.5 மாதத்திலும், இரவடக்கம் ஏறத்தாழ 33 மாதத்திலும் கைகூடின. உடல் வளர்ச்சிக்கு முற்பட்டு அடக்கத்தை எதிர்பார்த்தல் பொருந்தாது என்பது இதனாற் புலனாம். இந்நாள் மருத்துவர் 5 வயதிற்கு முன் இரவில் நனைத்தலைப் பொதுவாக நோயெனக் கொள்வதில்லை. பெற்றோர்வழி வரும் இயல்பும், ஆழ்ந்த உறக்கமும், இரவில் மிகுதியாகச் சுரக்கும் நீரும் அதற்குக் காரணமாதலை அவர் கண்டுள்ளனர். பகற்குறைக்கு மலச்சிக்கலை நீக்குதலும், உரிய இடைவேளையில் நீர்கழிக்கப் பழக்குதலும் துணையாவன.

இவற்றால் பெறப்படும் முடிபு ஒன்று உண்டு. கருவியும் மருந்தும் காலத்தொடு மாறின. குழந்தை வேண்டுமென்றே இதனைச் செய்கிறது என்னும் எண்ணத்தைக் கைவிட்ட இடத்திலேயே தீர்வு பிறந்தது.