வால் சக்கரம் கற்பித்த பாடம்



சில வாரங்களுக்கு முன் தியாகராய நகரில் எங்கள் தெருவைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர், பழைய டகோட்டா விமானத்தின் படமொன்றை என்னிடம் காட்டினார். “ஐயா, இதன் மூக்கு வானத்தை நோக்கி நிற்கிறது, வாலோ தரையில் கிடக்கிறது. இத்தகைய விமானத்தால் இராணுவத்துக்கு என்ன பயன் விளைந்திருக்கும்?” என்று வினவினார். அவ்வினாவுக்குரிய விடை நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. அதனை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அமைப்பைக் காண்போம். இவ்வகை விமானத்தில் இரண்டு பெரிய சக்கரங்கள் முன்புறத்திலும், ஒரு சிறு சக்கரம் வாலடியிலும் இருக்கும். விமானத்தின் எடை மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னே அமைவதால், தரையில் ஓடும்போது சற்றே திசை பிசகினாலும் பின்பகுதி முன்பகுதியை முந்திக்கொள்ள முயலும். பாண்டி பஜாரில் நிற்கும் ஆட்டோ ரிக்‌ஷா ஒன்றைப் பின்னோக்கி வேகமாக உருட்டினால் அது எவ்வாறு சட்டெனத் திரும்பிவிடுமோ, அவ்வாறே இதுவும் சுழன்றுவிடும். மூக்கு நிமிர்ந்திருப்பதால் எதிரேயுள்ள ஓடுபாதையும் விமானிக்கு நன்கு தெரியாது. எனினும் இதே அமைப்பில் ஒரு பெருநன்மையும் உண்டு. சுழலும் விசிறி தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால், கல்லும் மண்ணும் நிறைந்த இடத்திலும் இறங்க முடியும்.

அந்த நன்மையின் அருமை 1947ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் விளங்கிற்று. காஷ்மீரம் இந்தியாவுடன் இணைவதற்கான பத்திரத்தில் அதன் மன்னர் முந்தின நாள்தான் கையொப்பமிட்டிருந்தார். படையெடுத்து வந்தவர்களோ ஸ்ரீநகரை நெருங்கிக்கொண்டிருந்தனர். விடியற்காலையில் டெல்லியிலிருந்து டகோட்டா விமானங்கள் சீக்கியப் படைப்பிரிவின் முதற்பட்டாளத்தைச் சுமந்து புறப்பட்டன. தலைமை தாங்கிச் சென்றவர் லெப்டினன்ட் கர்னல் திவான் ரஞ்சித் ராய். ஸ்ரீநகரில் அன்று சிமெண்டுப் பாதை இல்லை. மண் திடலே இருந்தது. டகோட்டாக்கள் அதில் இறங்கின, நகரம் காப்பாற்றப்பட்டது. ராய் அப்போரிலேயே வீரமரணம் எய்தினார். மகாவீர் சக்கர விருது பின்னர் அவருக்கு வழங்கப்பட்டது.

அடுத்த ஆண்டு மே 24ஆம் நாள் அதனினும் அரிய செயலொன்று நிகழ்ந்தது. ஏர் கமடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவை உடன் அழைத்துக்கொண்டு, பனிமலைகளைக் கடந்து லே நகரில் டகோட்டாவை இறக்கினார். கடல் மட்டத்திலிருந்து 10,000 அடிக்கு மேல், சிந்து நதியருகே, சோனம் நோர்பு என்னும் லடாக் பொறியாளர் முன்னின்று அமைத்த மணற்பாதை அது. விமானி, வீரர், மண் திருத்திய உழைப்பாளி ஆகிய மூவரும் கைகோத்தாலன்றி லடாக்கைக் காத்திருக்க இயலாது என்பதை நீங்கள் மறவாதீர்கள்.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். 1951ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரில் எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானம் முதன்முதலாகப் பறந்தது. டாக்டர் காட்கே தலைமையில் இந்தியர் வடிவமைத்த அந்த விமானமும் வால் சக்கரமுடையதே. நம் விமானப் படையின் இளைஞர் பல தலைமுறையினர் அதில்தான் பறக்கப் பழகினர். 1954 முதல் நம் தாம்பரத்தில் விமானப் பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளி இயங்கி வருகிறது. ஆசிரியர்க்கு ஆசிரியம் கற்பிக்கும் இடம் என்பதால், ஆசிரியர் பயிற்சி பெற்றவனாகிய எனக்கு அதன்மீது தனிப் பற்றுண்டு. வால் சக்கர விமானம் கண்டிப்பான ஆசிரியரைப் போன்றது. சக்கரங்கள் தரையைத் தொட்டுவிட்டன என்று விமானி கவனம் தளர்ந்தால், அக்கணமே தண்டிக்கும்.

ஜெட் இயந்திரங்களும் நீண்ட சிமெண்டுப் பாதைகளும் பெருகியபின் மூக்குச் சக்கரமே வழக்காயிற்று. ஆனால் கதை முடிந்துவிடவில்லை. 2018ஆம் ஆண்டு, புதுப்பிக்கப்பட்ட டகோட்டா ஒன்று இங்கிலாந்திலிருந்து பறந்து வந்து, “பரசுராமன்” என்னும் பெயருடன் நம் விமானப் படையின் பாரம்பரியப் பிரிவில் சேர்ந்தது. கொலம்பியா நாட்டு விமானப் படை, புது இயந்திரம் பொருத்திய டகோட்டாக்களைப் போர்ப்பணியில் ஈடுபடுத்தியது. 2022இல் அமெரிக்கா தன் சிறப்புப் படைகளுக்கென, வயலில் மருந்து தெளிக்கும் விமானத்திலிருந்து உருவான வால் சக்கர விமானம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. கரடுமுரடான சிறு திடல்களில் இறங்க வேண்டும் என்பதே காரணம். ஜெட் விமானிகளும் அதற்காக முதற்பாடத்திலிருந்து மீண்டும் கற்க வேண்டியதாயிற்று.

ஆகவே, என்னை வினவிய மாணவருக்கு நான் கூறிய விடை இதுதான்: “தம்பி, ஒரு கருவி பழையதா புதியதா என்று மட்டும் பாராதே. எந்த நிலத்தில், எந்த வேளையில், யார் கையில் அது இருந்தது என்று கேள். வரலாற்றைப் படிக்கும் முறையும் அதுவே.”