பீலியை யார் துப்பரவாக்குவது?

மே மாத மழை தொடங்கினால் மட்டக்குளியில் வாடகை வீடுகளில் ஒரே சண்டைதான். பீலியில் அடைத்துக் கிடக்கிற இலையை யார் அள்ளுறது? கானில் நிற்கிற தண்ணியை யார் தள்ளிவிடுறது? வீட்டுச் சொந்தக்காரர், "நீங்கதானே இருக்கிறீங்க" என்பார். குடியிருக்கிறவர், "வீடு உங்கடதானே" என்பார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரித்தான் தெரியும். ஆனால் இந்தச் சண்டைக்கு இடம்வைத்தது சட்டம்தான், அதுவும் ஒரே ஒரு சொல்லால். அந்தச் சொல் 'அல்லது'.

1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டத்தில் அது இருக்கிறது. வீட்டையோ வளவையோ மற்றவர்களுக்கு நோய்வரும் அளவுக்கு அசுத்தமாக வைத்திருந்தால் 'உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்' குற்றவாளி. இருவரில் எவர் என்ற பேச்சே இல்லை. காலனித்துவ நிர்வாகத்துக்கு அது நல்ல வசதி, தண்டம் கட்ட யாராவது ஒருவர் கிடைத்தால் சரி. வடகொழும்புத் தோட்டங்களில் யார் கிடைப்பார்? (தோட்டம் என்றால் தேயிலை இல்லை. ஒரே வளவுக்குள் வரிசையாகக் கட்டிய ஓரறை, ஈரறை வீடுகள், குழாயும் கக்கூசும் பொது.) துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் அங்கே இருந்தார்கள், சொந்தக்காரர் பெரும்பாலும் வேறெங்கோ இருந்தார். பரிசோதகர் தட்டினால் கதவைத் திறக்கிறவர் குடியிருப்பவர்தான்.

1914இல் கொழும்புக்குப் பிளேக் வந்தது. அடுத்த வருடம், 1915இல், 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. பிளேக் ஒன்றால்தான் அது வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மனிதர் வாழத் தகாத வீட்டை மூடச்சொல்லும் அதிகாரம் அதில் இருந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. வீட்டை மூடினால் றோட்டில் நிற்கப்போவது யார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் எங்கள் பொதுச்சட்டமான உரோம-டச்சுச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. பாவிக்கக்கூடிய நிலையில் வீட்டைக் கொடுத்து, அதே நிலையில் வைத்திருப்பது வாடகைக்குக் கொடுப்பவரின் கடமை. பிறகு 1942இல் போர்க்கால வாடகைக் கட்டுப்பாடு, 1972இல் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம். இவற்றால் குடியிருப்பவரை லேசில் எழுப்ப முடியாமல் போனது, வாடகையை நினைத்தபடி ஏற்றவும் முடியவில்லை. எத்தனையோ குடும்பங்கள் இந்த நகரத்தில் தங்கி நின்றது அந்தச் சட்டத்தால்தான், அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் அதற்கு ஒரு மறுபக்கம் இருந்தது. பழைய வாடகையே வந்துகொண்டிருந்த வீட்டுக்குச் செலவழிக்கச் சொந்தக்காரருக்கு என்ன அவசரம்? கூரை ஒழுகட்டும், பீலி அடைபடட்டும், பொறுக்க முடியாவிட்டால் தாங்களாகவே போகட்டும் என்று விட்டவர்கள் இருந்தார்கள். குடியிருப்பவரும் "என்ர வீடா இது?" என்று சும்மா இருந்தார். நடுவில் தேங்கியது தண்ணி.

1973இல் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. அளவுக்கு மேல் வீடு வைத்திருந்தவர்களின் மேலதிக வீடுகள் வீடமைப்பு ஆணையாளரிடம் போயின, அவற்றில் குடியிருந்தவர்கள் அவற்றை வாங்க வழி பிறந்தது. என் கணிப்பில் கொழும்பின் ஏழைகளுக்கு இதைவிடப் பெரிய சட்டம் அந்த நூற்றாண்டில் வரவில்லை. ஆனால் சுவருக்குள் இருப்பது உங்களுடையது என்றால், இரண்டு சுவருக்கு நடுவில் ஓடுகிற கான் யாருடையது? தொடர்மாடிகளின் இந்தப் பிரச்சினைக்கென்று அதே 1973இல் பொது வசதிகள் சபைச் சட்டம் வந்தது. கூரையும் படிக்கட்டும் கழிவுக்குழாயும் பொது, அதைப் பார்க்க ஒரு சபை. தோட்டத்துக் கானுக்கு அப்படி ஒன்று இல்லை.

மட்டக்குளியின் சமிட்புர இன்னொரு கதை. 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு கொழும்பில் நடந்தபோது, நகரின் நடுவிலிருந்து அகற்றிய குடும்பங்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பெயரே மாநாட்டின் பெயர்தான். இங்கே காணிக்காரர் அரசாங்கம். அரசாங்கத்தின் கதவை எந்தப் பரிசோதகர் தட்டுவார்?

பிறகு 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுத்தல் சட்டம். ரின், போத்தல், சிரட்டை, பழைய டயர் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி அகற்றச் சொல்கிற சட்டம் அது. சிரட்டைவரை யோசித்தவர்கள் கடமை யாருக்கு என்ற இடத்தில் திரும்ப எழுதியது 'உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்'. 145 வருடம் கழித்தும் அதே 'அல்லது'!

2017இல் நாட்டில் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அந்த ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து, கொழும்பின் குப்பை போக இடமில்லாமல் நின்றதையும் சேர்த்துத்தான் அந்த வருடத்தைப் பார்க்க வேண்டும். எங்கட ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த ஒரு அக்காவுக்கு நோட்டீஸ் வந்தது. குடம்பி இருந்தது கூரைப் பீலியில். ஏற ஏணியில்லை, சொந்தக்காரருக்கு எத்தனை கோல் எடுத்தும் பதிலில்லை. கடைசியில் ஆளைப் பிடித்து ஏற்றி, காசும் அவவே கொடுத்தா.

நுளம்புக்குப் பதில் ஸ்னோ என்று வைத்துப் பாருங்கள். கனடாவுக்குப் போன எங்கட ஆட்களில் கனபேர் முதலில் இருந்தது பேஸ்மன்ட் வாடகைக்கு. அங்கேயும் இதே சண்டை, நடைபாதை ஸ்னோவை யார் தள்ளுவது? ஒன்ராறியோவில் பேஸ்மன்டில் இருந்த ஒருவர் ஐஸில் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டார். நடைபாதையைத் துப்பரவாக வைப்பது குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதே என்றார் சொந்தக்காரர். 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பராமரிப்பு சொந்தக்காரரின் கடமை, வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி அதைத் தள்ளிவிட முடியாது. குடியிருப்பவர் அந்த வேலையைச் செய்ய வேண்டுமென்றால் அதற்கு வாடகையோடு ஒட்டாத தனி ஒப்பந்தம் வேண்டும். அதாவது, வேலை செய்தால் கூலி. அங்கே 'அல்லது' இல்லை.

எங்கட பக்கம் 2023இல் வாடகை வீடு பற்றி ஒரு சட்டம் வந்தது, அந்த வருடத்தின் முதலாம் இலக்கமே அதுதான். குத்தகை முடிந்த வீட்டைச் சொந்தக்காரர் விரைவாக மீட்டெடுப்பதற்கான சட்டம் அது. பீலியைப் பற்றியது அல்ல.