எட்டயபுரத்துக் கல்யாணமும் எட்டயபுரத்துப் பள்ளிக்கூடமும்

1897ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் எட்டயபுரம் சமஸ்தானத்தைச் சார்ந்து வாழ்ந்த சின்னசாமி ஐயர், தம் குமாரர் சுப்பிரமணியனுக்குக் கடையம் செல்லப்பா ஐயரின் குமாரி செல்லம்மாளை விவாகம் செய்து வைத்தபோது, மணமகனுக்குப் பதினான்கரைப் பிராயம்; மணமகளுக்கு ஏழு. நான்கு வருஷங்களுக்கு முன்பே புலவர் சபையில் 'பாரதி' என்னும் பட்டத்தைப் பெற்றுவிட்ட அந்தப் பிள்ளையின் சரித்திரத்தைத் தமிழுலகம் நாள் வாரியாக ஆராய்ந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் பிராயத்தை மட்டும், அக்காலத்து வழக்கம் அது என்ற ஒரு வார்த்தையோடு நாம் கடந்து வந்திருக்கிறோம். செல்லம்மாள் 1890இல் பிறந்தவர். அவருடைய மூத்த குமாரி தங்கம்மாள் பிறந்தது 1904இல். கணவர் முதலில் மதுரைக்கும் பிறகு சென்னைக்குமாக ஜீவனோபாயம் தேடிச் சென்ற அந்த வருஷத்தில், பதினான்கு பிராயத்துச் சிறுமி ஒருத்தி தாயானாள் என்பதே அந்தக் குடும்ப வரலாற்றின் நேரான உண்மை.

அக்காலத்து பிராமண குடும்பங்களில் பெண் ருதுவாகும் முன்பே கன்னிகாதானம் செய்துவிட வேண்டும் என்பது சாஸ்திரத்தின் ஆணையாகவே கருதப்பட்டது. விவாகம் முடிந்த சிறுமி பிறந்தகத்திலேயே விளையாடிக்கொண்டிருப்பாள். ருதுவானதும் நாள் பார்த்துச் சாந்தி முகூர்த்தம் நடத்திப் புக்ககத்துக்கு அனுப்புவார்கள். ஆகவே பன்னிரண்டிலோ பதின்மூன்றிலோ கணவன் வீடும், பதினான்கிலோ பதினைந்திலோ பிரசவமும் என்று ஒரு பெண்ணின் ஆயுளுக்கு முன்கூட்டியே கணக்குப் போடப்பட்டிருந்தது. கரிசல் காட்டில் களை எடுத்துப் பருத்தி பொறுக்கி வாழ்ந்த மற்றக் குடியானவ குலங்களில் பெரும்பாலும் பெண் சமைந்த பிறகுதான் கல்யாணம். ஆயினும் தாய்மாமனோ அத்தை மகனோ முறைக்காரனாகக் காத்திருக்கும் ஊர்களில் அந்தப் 'பிறகு' வெகுகாலம் நீடித்ததில்லை. முறை வேறாயினும், எலும்பு முற்றாத உடம்பு பிரசவ வேதனையைத் தாங்க வேண்டியிருந்தது என்பதில் இரு சாராருக்கும் பேதமில்லை. இடுப்பெலும்பு விரியாமையால் பிரசவம் தடைப்படுவது, இரத்தச் சோகை, ஜன்னி, எடை குறைந்த சிசு ஆகியவற்றை இன்று வைத்திய சாஸ்திரம் பெயரிட்டுச் சொல்கிறது. அன்று அவையெல்லாம் தலைவிதி என்ற ஒரே பெயரில் அடங்கின.

இந்தத் தலைவிதியைச் சட்டம் தொட்டது மிக மெதுவாக. 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம், மனைவியேயானாலும் பத்துப் பிராயத்துக்கு உட்பட்டவளைக் கணவன் தீண்டலாகாது என்று விதித்தது. 1890இல் கல்கத்தாவில் புல்மணி தாசி என்ற சிறுமி கணவனால் மாண்டுபோன பிறகே, மறு வருஷம் அந்த எல்லை பன்னிரண்டாக உயர்ந்தது. அதற்கே, அந்நியர் நம் தர்மத்தில் கை வைக்கிறார்கள் என்று திலகர் போன்ற தேசபக்தர்களும் எதிர்த்து நின்றார்கள். தேசாபிமானம் வேறு, பெண்ணின் உடம்பைப் பற்றிய கருணை வேறு என்று பிரிந்து நின்ற அக்காலத்தில் அவ்விரண்டையும் ஒன்றாகக் கண்டவர்கள் நம் தென்சீமையிலேயே தோன்றினார்கள் என்பதை நான் பெருமிதத்தோடு நினைக்கிறேன். பெருங்குளத்து மாதவையா 'முத்துமீனாக்ஷி' என்னும் நாவலில் பால்ய விவாகத்தின் கொடுமையைக் கதையாக்கினார். 1914இல் சீனிவாச சாஸ்திரியார், ருதுவான பின் நடக்கும் விவாகமும் செல்லும் என்பதற்கு ஒரு மசோதாவைச் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்தார். பாரதியாரோ தம் சுயசரிதைக் கவிதையில் தம் பால்ய விவாகத்தைத் துயரத்தோடு சொன்னதோடு நில்லாமல், 'சக்ரவர்த்தினி' என்ற மாதர் பத்திரிகையை நடத்தியும், ருதுவாகும் முன் பெண்ணுக்கு விவாகம் கூடாது, இஷ்டமில்லாதவனை மணக்கும்படி அவளைக் கட்டாயப்படுத்தலாகாது என்று வசனத்தில் வற்புறுத்தியும், தாம் பட்டதைப் பிறர் படாதிருக்க வேண்டும் என்று வாதாடினார்.

1927இல் சென்னைச் சட்டசபையின் உபதலைவராக அமர்ந்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் அந்த வாதத்துக்கு வைத்தியரின் சாட்சியத்தைச் சேர்த்தார். பிரசவ விடுதியில் சிறுமிகளைக் கண்கூடாகக் கண்டவர் அவர். பெண்ணுக்குப் பதினாறும் ஆணுக்கு இருபத்தொன்றும் விவாக வயதாக வேண்டும் என்று 1928இல் சென்னைச் சபையைத் தீர்மானிக்கச் செய்தார். டில்லியில் நிறைவேறிய சாரதா சட்டமோ பதினான்கோடும் பதினெட்டோடும் நின்றுவிட்டது. 1930 ஏப்ரல் முதல் தேதி அது அமலுக்கு வருவதற்குள் குழந்தைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டியவர்கள் அநேகர். அமலுக்கு வந்த பின்னும், பிரெஞ்சு எல்லைக்குள் சென்று கல்யாணத்தை முடித்துத் திரும்பியவர்கள் உண்டு. 1938இல் சட்டத்தைத் திருத்தித்தான் அந்த வழியை அடைக்க நேர்ந்தது. அச்சட்டப்படி போலீஸார் தாமாக நுழைய முடியாதிருந்தது. யாரேனும் முன்வந்து பிராது கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தாலும் நடந்த விவாகம் செல்லுபடியே. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தின் மேல் பிராது கொடுக்க எந்தக் கிராமத்தில் எவர் துணிவார்? பெண்ணின் விவாக வயது 1949இல் பதினைந்தாயிற்று. பதினெட்டை எட்டியது 1978இல்.

சட்டம் இவ்வாறு தயங்கித் தயங்கி நடந்த காலத்தில், வேறொரு காரியம் அதே எட்டயபுரத்தில் நடந்தது. 1956இல் முதலமைச்சர் காமராஜர் பள்ளிப் பிள்ளைகளுக்கான மதிய உணவுத் திட்டத்தை அந்த ஊரில்தான் தொடங்கி வைத்தார். பாரதி பிறந்த ஊர் என்பதற்காக அவ்விடத்தைத் தேர்ந்திருக்கலாம். என் மனத்தில் அதற்கு மேலும் ஒரு பொருத்தம் தோன்றுகிறது. வானம் பார்த்த பூமி அது. ஐப்பசி, கார்த்திகை மழை தவறினால் கம்பும் சோளமும் பருத்தியும் ஒருசேரப் பொய்த்துவிடும்; அந்த வருஷம் வீட்டில் ஒரு வாய் குறைந்தால் போதும் என்றிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் முதலில் குறைக்கப்படும் வாய் பெண்ணின் வாய்தான். அதைக் குறைக்கும் கௌரவமான மார்க்கம் கல்யாணம். பள்ளிக்கூடம் ஒரு வேளைச் சோற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டபோது, பெண் பிள்ளை வீட்டுக்குப் பாரம் என்ற எண்ணத்தில் ஒரு வேளையாவது குறைந்தது. சோற்றுக்காக வந்தவள் எழுத்துக்காகத் தங்கினாள். தங்கிய ஒவ்வொரு வருஷமும் அவளுடைய முதற்பிரசவத்தைத் தள்ளிப் போட்டது. சாரதா சட்டம் எட்டாத வீடுகளை அந்தச் சோறு எட்டியது என்று நான் துணிந்து சொல்வேன். பள்ளியில் நீடிக்கும் பெண் தாமதித்து மணப்பாள், தாமதித்துத் தாயாவாள் என்பதை இன்று உலகத்துப் பல தேசங்களின் ஆராய்ச்சிகளும் ஒப்புக்கொள்கின்றன.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிரில் கரிசல் பூமி ஒரு போட்டியையும் வைத்திருந்தது. கோவில்பட்டியிலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் பெருகிய தீப்பெட்டி ஆபீஸ்களின் வண்டிகள் விடியுமுன் கிராமங்களுக்கு வந்து சிறுமிகளை ஏற்றிச் சென்றன. கட்டை அடுக்கியும் லேபிள் ஒட்டியும் அவர்கள் சம்பாதித்த காசு, மழை பொய்த்த வீட்டுக்கு உலையரிசியாகவும், மிஞ்சினால் கல்யாணச் சீட்டாகவும் போயிற்று. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவளுக்கு நகை சேர்ந்ததும் மாப்பிள்ளை பார்க்கத் தடையென்ன? பிற்காலத்தில், மூன்று வருஷம் விடுதியில் தங்கி உழைத்தால் முடிவில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று நூற்பாலைகள் அழைத்தபோது, அதற்கும் சுமங்கலித் திட்டம் என்று கல்யாணத்தின் பெயரையே சூட்டினார்கள்.

மறுபுறத்தில் அரசாங்கமும் கல்யாணத்தின் பெயரிலேயே ஒரு யுக்தி செய்தது. 1989இல் தோன்றிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், குறிப்பிட்ட வகுப்பு வரை படித்துப் பதினெட்டு வயதும் நிறைந்த ஏழைப் பெண்ணுக்கே உதவி என்று நிபந்தனை வைத்தது. 2022இல் அதைப் புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சென்ற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று விதித்தார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைக் கல்விக்குத் திருப்பிய அந்தச் செய்கை மிக நன்று. பலனும் இல்லாமல் போகவில்லை: 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இருபது முதல் இருபத்து நான்கு வயதுப் பெண்களில் பதினெட்டுக்கு முன் மணந்தவர்கள் தேசம் முழுவதிலும் 23.3 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8. ஆயினும் அதே ஆய்வில் ஒரு கணக்கு என்னைக் கலங்கச் செய்கிறது. பதினைந்து முதல் பத்தொன்பது வயதுக்குள் தாயாகிவிட்டவர்களும் கர்ப்பிணிகளும் தமிழ்நாட்டில் முந்தைய ஆய்வில் 5 சதவீதமாக இருந்தவர்கள், இதில் 6.3 ஆக உயர்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்களுக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதைக் கேட்கவே இத்தனை தூரம் வந்தேன். செல்லம்மாளுக்குக் கடையத்தில் ஒரு பிறந்தகம் இருந்தது. 1908இல் கணவர் புதுவைக்குச் சென்றபோதும் அந்த வருஷத்திலேயே இரண்டாம் மகள் சகுந்தலா பிறந்தபோதும் அந்த வீடு தாங்கியது. 1921இல் முப்பத்தொரு பிராயத்தில் கணவரை இழந்த அவர், பின்பு பாரதி ஆச்ரமத்தின் வாயிலாக அவருடைய நூல்களை வெளியிடவும், அவருடைய சரித்திரத்தைத் தாமே எடுத்துரைக்கவும் வல்லவரானார். இளந்தாயைத் தாங்கினால் அவள் என்னவெல்லாம் ஆகக்கூடும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. இன்றைய இளந்தாயோ தன் வயதையே மறைத்து வாழ்கிறாள். முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையாரின் திருநாமம் தாங்கிய மகப்பேறு உதவி பத்தொன்பது வயது நிறைந்தவர்க்கே உரியது. மத்திய அரசின் உதவிக்கும் வயது எல்லை உண்டு. 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி பதினெட்டுக்கு உட்பட்டவளின் கர்ப்பத்தை வைத்தியர் போலீஸுக்கு அறிவித்தே ஆக வேண்டும். குழந்தைகளைக் கொடியவர்களிடமிருந்து காக்க அந்தச் சட்டம் அவசியம். ஆனால் முறை மாப்பிள்ளையை மணந்தவளும், விரும்பியவனோடு சென்றவளும், கணவன் ஜெயிலுக்குப் போவானே என்று அஞ்சி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியை எட்டிப் பாராமல் இருந்துவிடுகிறார்கள். மிக அதிகமாகக் கவனிக்கப்பட வேண்டிய உடம்பு மிகக் குறைவாகக் கவனிக்கப்படுகிறது. 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், சிறுமி கருக்கலைப்புக்கு வரும்போது, அவளும் பாதுகாவலரும் வேண்டிக்கொண்டால் அவள் பெயரை வைத்தியர் வெளியிட வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. பெற்றெடுக்கத் துணிந்தவளுக்கும் அத்தகைய ஆதரவு ஒன்று வேண்டும்.

ஆகையால் கரிசல் சீமையின் பெரியோர்களிடம் நான் வேண்டுவது இதுதான். மகளுக்குப் பதினெட்டுக்கு முன் சம்பந்தம் பேசாதீர்கள். பேசும் வீட்டை அறிந்தால் 1098 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பருவத்தின் இயல்பையும் உடம்பின் பாதுகாப்பையும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பள்ளியிலேயே வெட்கமின்றிச் சொல்லிக் கொடுக்க இடம் கொடுங்கள். அதையும் மீறிச் சிறுவயதில் ஒருத்தி தாயாகிவிட்டால், ஊர் வாய்க்கு அவளைப் பலியிடாமல், கிராமத்துச் செவிலியரிடம் முதல் மாதமே அழைத்துச் செல்லுங்கள். உதவித் தொகையின் வயது வரம்பை அவளுக்காகத் தளர்த்தும்படி அரசாங்கத்தைக் கேளுங்கள். குழந்தையைப் பாட்டியின் மடியில் விட்டுவிட்டு அவள் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்.